இரண்டாவது நேயர்

ஒரு பாட்டை விரும்பிக் கேட்பவர்கள் இரண்டு பேராவது உயிரோடு இருந்தால்தான் பழைய பாடல் வானொலி அதை ஒலிபரப்பும்.

தாரணியின் பாட்டு, வெளிவராமலே போன ஒரு படத்தில் உள்ளது. சிறுவயதில் அவளும் அண்ணன் கௌதமும் பாடிப் பாடி வீட்டையே ரெண்டாக்கிய பாட்டு. வேறு யாருக்கும் அது தெரியாது. பாகப்பிரிவினைச் சண்டையில் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியவில்லை. ஆனாலும் செவ்வாய்தோறும் அந்தப் பாட்டு வந்துவிடும்.

"கேக்கிறான், கடன்காரன்" என்று திட்டிக்கொண்டே சத்தத்தைக் கூட்டுவாள்.

இன்று பாட்டு வரவில்லை. நிலையத்துக்குப் போன் செய்தாள்.

"அந்தப் பாட்டுக்கு இப்ப நீங்க ஒருத்தர்தான்மா இருக்கீங்க. இன்னொருத்தர் பத்தி நாங்க எதுவும் சொல்லக்கூடாது. வேற பாட்டு சொல்லுங்க, போடறேன்" என்றாள் அங்கிருந்த பெண்.

தாரணி போனை வைத்தாள். கொடியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

"காலைலதானே குளிச்சீங்க அத்தை?" என்றாள் மருமகள்.

"தலைக்கு ஊத்திக்கணும். எங்கண்ணன் போயிட்டான்."

"ஐயையோ! எந்த ஊர்ல? எப்ப எடுக்கறாங்க?"

"அதெல்லாம் ரேடியோவுல சொல்லமாட்டாங்களாம்."