கல்லைப் படித்தவள்

"காதைப் பொத்திக்கம்மா!" என்று மேனேஜர் சொல்லி வாய் மூடுவதற்குள் வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேஜை மேலிருந்த டீ தட்டில் சிந்தியது. அவள் நாற்காலியோடு சேர்ந்து ஒரு குலுங்கு குலுங்கினாள்.

"பாறையைப் பத்திப் படிச்சிட்டு, பாறை வெடிச்சா இப்படிப் பதறுறியே!" மேனேஜர் சிரித்தார். "ம்... ஜியாலஜி, முதல் வகுப்பு. சரி, அனுபவம்?"

"இப்பத்தான் படிச்சு முடிச்சிருக்கேன் சார்."

"அனுபவம் இல்லாதவங்களை நாங்க எடுக்கிறதில்லம்மா."

"யாராவது எடுத்தாத்தானே சார் அனுபவம் வரும்?"

"அப்படி எடுக்கிறவங்களைப் போய்ப் பாரு."

போகிற இடத்திலெல்லாம் இதே பதில்தான். சிமென்ட் ஆலை, போர்வெல் கம்பெனி, சுரங்க அலுவலகம் என்று அவள் ஏறி இறங்காத படியில்லை. கடைசியாக இந்தக் கல்குவாரி. இதுவும் போனால் அடுத்து எங்கே போவது?

எழுந்தவளின் கண் ஜன்னலுக்கு வெளியே போனது. போனது அங்கேயே நின்றுவிட்டது.

"சார், அந்த மேற்குச் சுவரைப் பாருங்க. மேல விரிசல் ஓடுது. பாறை அடுக்கெல்லாம் குழியைப் பாத்துச் சாஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு வெடி வெச்சா மொத்தமா வழுக்கிட்டு வந்துடும். தயவுசெஞ்சு கீழே ஆளுங்களை விடாதீங்க."

மேனேஜரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "நீ வேலை கேட்டு வந்தியா, வேலையை நிறுத்த வந்தியா?"

"விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி வெச்சாப் போதும் சார். அது உடைஞ்சா, பாறை நகருதுன்னு..."

"ஜியாலஜிஸ்டே இல்லாமத்தான் இந்தக் குவாரி இத்தனை வருஷமா ஓடுது. கிளம்பு, கிளம்பு!"

அப்பா அம்மா போன பிறகு அக்கா வீடுதான் அவளுக்கு வீடு. செருப்பைக் கழற்றும்போதே அத்தான் கேட்டார். "என்ன, இன்னிக்கும் ஊத்திக்கிச்சா?"

அவள் தலையாட்டினாள்.

"விடு. திங்கக்கிழமையிலேருந்து நம்ம ஹார்டுவேர் கடைக்கு வந்துடு. கல்லைப் படிச்சவளுக்குக் கல்லாப்பெட்டி பொருத்தமாத்தான் இருக்கும்!"

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால் சண்டை போடவும் முடியவில்லை. உள்ளே போய், பாறை உடைக்கும் சுத்தியலையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"பழைய இரும்பு வாங்குறவன் வந்தா அந்தச் சுத்தியலைப் போட்டுடுக்கா."

"வாயை மூடுடி" என்றாள் அக்கா. அவளுடைய குரலும் உடைந்துதான் வந்தது.

திங்கட்கிழமை காலை. அத்தானோடு கடைக்குக் கிளம்பிப் படியிறங்கும்போது போன் அடித்தது. மேனேஜரேதான்.

"வேலை உனக்குத்தாம்மா! உடனே கிளம்பு. கார் வந்துட்டே இருக்கு."

"சார்... நிஜமாவா?"

"சீக்கிரம் வாம்மா, புண்ணியமாப் போகும்!"

அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். "நீ சொன்னது அந்த மனுஷனுக்கு உறைச்சிருக்குடி! அழாதே, பொட்டெல்லாம் அழியுது பாரு."

"அப்ப என் கல்லா கதி?" என்றார் அத்தான். கேட்டுவிட்டு அவரே வாசல் வரை வந்து கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

முன்பக்கம் லாரி அடைத்துக்கொண்டு நிற்பதாகச் சொல்லி, டிரைவர் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய் இறக்கினார். குவாரியே வாயடைத்துக் கிடந்தது. வெடிச் சத்தம் இல்லை. துளைபோடும் இரைச்சல் இல்லை. தன் பேச்சைக் கேட்டு வேலையை நிறுத்தியிருக்கிறார்கள்! நெஞ்சு விம்மியது. இத்தனை நாளில், அவள் படித்த படிப்பை மதித்த முதல் இடம்.

ஒரு அறைக் கதவில் அவள் பெயரும் 'ஜியாலஜிஸ்ட்' என்ற பதவியும் எழுதிய பலகை தொங்கியது. ஆபீஸ் ஊழியர் ஒருவர் கைநிறையப் புழுதியை அள்ளி அதன்மேல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"புதுசை ஏங்க அழுக்காக்குறீங்க?"

"மேனேஜர் சொன்னாரும்மா" என்றவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே மேனேஜர் வியர்த்து நின்றார். கீறல் விழுந்த பழைய ஹெல்மெட் ஒன்றை எடுத்து அவரே அவள் தலையில் வைத்தார். "சாப்பிட்டியாம்மா? உக்காரு. இனிமே இது உன் நாற்காலி. ஒண்ணே ஒண்ணு. நீ போன மாசமே வேலைக்குச் சேந்துட்டே. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும். சம்பளமும் அப்பலேருந்தே உண்டு."

"எதுக்கு சார் எனக்குப் போய் இவ்வளவு..."

"உன் அருமை அன்னிக்கே தெரியாமப் போச்சும்மா."

அவளுக்குக் கண் நிறைந்தது. "விரிசல் மேல கண்ணாடி ஒட்டிட்டீங்களா சார்?" என்று ஜன்னல் திரையை விலக்கக் கை நீட்டினாள். மேனேஜர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே ஜீப்புகள் வந்து நின்றன. பூட்ஸ் சத்தம் நெருங்கியது. கதவைத் தள்ளிக்கொண்டு போலீஸ் அதிகாரி உள்ளே நுழைந்தார்.

மேனேஜர் பிடித்த கையை விடாமல் அவளை முன்னால் நிறுத்தினார். "வாங்க சார், நீங்க தேடுற ஆள் இவங்கதான். விடியக்காலையில மேற்குச் சுவர் சரிஞ்சு செத்தாங்களே நாலு பேரு, அவங்களை 'பயமில்ல, தைரியமா இறங்குங்க'ன்னு அனுப்பி வெச்சதே இந்தம்மாதான்!"