மாப்பிள்ளைக்குச் சிவப்பு

பகடை உருண்டு நின்றது. நான்கு.

அவன் லூடோ அட்டையைப் பார்த்தான். அட்டையும் அவனைப் பார்த்தது.

மறுவீட்டு விருந்து முடிந்த மதியம். மூன்றாவது கரண்டிப் பாயசம் வயிற்றுக்குப் போகாமல் கண்ணிமையில் தங்கிவிட்டது. கூடத்து மின்விசிறி, அதற்கும் இலை போட்டுப் பரிமாறியதைப் போல, அசைந்து அசைந்து சுற்றியது.

கல்யாணமாகி ஐந்து நாள். மாமனார் வீட்டுக்கு வந்து மூன்று நாள்.

ஆட்டம் தொடங்கும்போதே மாப்பிள்ளைக்குச் சிவப்பு என்று ஒதுக்கிவிட்டார்கள். மரியாதை. அவன் மனைவி கோமதிக்குப் பச்சை. மச்சினி இந்துவுக்கு மஞ்சள். சின்ன மாமனாருக்கு நீலம்.

அவனுக்கு நீலம்தான் வேண்டியிருந்தது. கொடுத்த மரியாதையை மாற்றிக் கேட்கலாமா என்று தெரியவில்லை.

சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டுமே புளிக்குழம்பு.

ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். இது அந்தப் பட்டியலில் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இனித் தெரிந்தால், மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு எழும். அந்தப் பேச்சு பஸ் ஏறாமலே அவன் அம்மா வீடு வரை போய்விடும்.

போதாததற்குச் சின்ன மாமனார் ரயில் ஓட்டுகிறவர். இருபத்தெட்டு வருடமாகச் சிவப்பையும் பச்சையையும் பார்த்தே சம்பளம் வாங்குகிறவர்.

இதுவரை மனப்பாடத்தில் ஓடியது. தன் காய் நான்கும் எந்தெந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்று நெஞ்சுக்குள் முகவரி எழுதி வைத்திருந்தான். தூக்கம் சொக்கியது. காய்கள் ஓர் ஆற்றில் மிதந்து போயின. அவன் கரையில் நின்று தன் நான்கை மட்டும் எண்ணிக்கொண்டே நடந்தான்.

அப்போதுதான் உள்ளே போயிருந்த இந்து அதிரசத் தட்டோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள். முழங்கால் இடித்தது. அட்டை குலுங்கியது. காய்கள் சிதறின.

"அங்க இல்ல சித்தப்பா, ரெண்டு கட்டம் பின்னால," என்றாள் இந்து.

மூன்று பேரும் சண்டை போட்டு எல்லாவற்றையும் திருப்பி வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து அவனுக்குக் கொட்டாவி வந்தது. நீளமான கொட்டாவி. வாயை மூடியபோது கனவில் கண்ட ஆறு மட்டும் இருந்தது, முகவரிகள் இல்லை.

இப்போது நான்கு விழுந்திருக்கிறது.

எதிரே இரண்டு புளிக்குழம்புக் காய்கள். ஒன்றை நகர்த்தினால் ஒன்றுமில்லை. மற்றதை நகர்த்தினால் சின்ன மாமனாரின் நீலம் வெட்டுப்படும்.

அவன் யோசித்து முடிப்பதற்குள் விரல் ஆசைப்பட்டுவிட்டது.

வெட்டினான்.

சின்ன மாமனார் அட்டையின் மேல் குனிந்தார்.

"மருமகனே," என்றார் சின்ன மாமனார். "வெட்டுனது சரிதான். பொண்டாட்டி காய வச்சுல்லா வெட்டுதீய."

"அத்தான் இப்பவே அக்காவுக்கும் சேத்து ஆடுதாவ," என்று இந்து சிரித்தாள்.

சின்ன மாமனார் சிரிக்கவில்லை. அட்டையிலிருந்து இரண்டு காய்களை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். மார்கழிப் பனிக்குள் ஒரு மைல் தள்ளி எரிகிற விளக்கைக் கண்டுகொள்ளும் கண்கள், அவன் கண்களில் வந்து நின்றன.

"இதுல உங்க காய் எது?"

இரண்டு சொட்டுக் குழம்பு.

வலது, என்று நினைத்தான். இடது, என்றும் நினைத்தான். பாயசம் இமையிலிருந்து இறங்கி எங்கோ ஓடிவிட்டது. உள்ளங்கை பெரிதாகிக்கொண்டே வந்தது. அதில் மாமனார், மாமியார், தாம்பூலம் மாற்றிய பெரியவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள்.

கோமதி எழுந்தாள்.

பீரோக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். அதன் ஓரம் முழுக்க அவள் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள். ஒரு சின்ன வானம். அதிலிருந்து நான்கைப் பிய்த்து, விரல் நுனிக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்தாள். எல்லாம் கறுப்பு.

சித்தப்பாவின் கையிலிருந்து ஒரு காயை எடுத்தாள். அதன் தலையில் ஒன்றை அழுத்தினாள். அட்டையிலிருந்த தன் மற்ற மூன்று காய்களுக்கும் அழுத்தினாள்.

"என் காயெல்லாம் கல்யாணம் ஆனதுவ சித்தப்பா. பொட்டு இல்லாம ஆடலாமா?"

சின்ன மாமனார் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு ரயில் கூவுவதைப் போலச் சிரித்தார்.

"ஏட்டி, இவ வாயப் பாரு."

கையில் மிச்சமிருந்த வெறுந்தலைக் காயை மருமகனிடமே கொடுத்துவிட்டார். கேள்வி அதிரசத்தோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

ஆட்டம் தொடர்ந்தது. பொட்டு வைத்த நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் மிதந்து போய்ப் பழமாயின. அவன் கடைசியில் வந்தான். கடைசியில் வந்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை இந்து பார்த்ததே இல்லையாம்.

கோமதி அவன் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவள் வேடிக்கைக்குத்தான் செய்தாள் என்று நினைத்துக்கொண்டான். பொழுது விடியும்வரை அப்படியே நினைத்தான்.

மறுநாள் காலை பின்கட்டுக் குழாயடிக்குப் போனான்.

டம்ளரில் இரண்டு பல் பிரஷ்கள். வந்த அன்றைக்கே மாமியார் புதிதாக வாங்கி வைத்தவை. அவனுக்கு ஒன்று, கோமதிக்கு ஒன்று. மாப்பிள்ளைக்குச் சிவப்பு, கோமதிக்குப் பச்சை என்று நிறம் சொல்லித்தான் வைத்திருந்தார்.

வழக்கமாக எடுப்பதை எடுக்கக் கை நீட்டினான்.

அதன் காம்பில் ஒரு கறுப்புப் பொட்டு.

கை அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்து மற்றதை எடுத்தது. அதன் இழைகள் கடையில் வாங்கியபடியே, ஈரம் படாமல், விறைத்து நின்றன.

பக்கத்தில் கோமதி, இரண்டு நாளாகச் செய்வதைப் போலவே, ஆள்காட்டி விரலில் பற்பொடி தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வாய் நிறையப் பொடி. அதனால் சிரிப்பு கண் வழியாக வந்தது.