சத்தம் வரும் விளையாட்டு

"அச்யுத், சத்தத்தைக் கொஞ்சம் கொறைடா. காது போறது" என்று சாருலதா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

உடனே அவன் அறையிலிருந்து வந்த வீடியோ கேம் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது.

பதினாறு வயதுப் பிள்ளை, சொன்ன முதல் தடவையே கேட்டுவிட்டான். அவளால் நம்ப முடியவில்லை. பாதி நறுக்கிய பீன்ஸை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, அந்த மயிலாப்பூர் வீட்டில் வெகுநாளாகக் கிடைக்காத அமைதியை ஆசையாக அனுபவித்தாள்.

அதற்குப் பிறகு அங்கே துப்பாக்கி வெடிக்கவே இல்லை.

ஒரு வருஷம் கழித்து, தி. நகரில் வீடியோ கேம் விற்கும் ஒரு மாடிக் கடையில், மகள் அனன்யாவோடு நின்று அதே விளையாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் இனாயத் பெட்டியை எடுத்து வந்தார். அனன்யாவை ஒரு பார்வை பார்த்தார். பெட்டியைக் கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம், தன்னிடமே வைத்துக்கொண்டார்.

"யாருக்கு மேடம்? பாப்பாவுக்கா?"

"ஆமாம்."

"இது பதினெட்டு வயசுக்கு மேல கீறவங்களுக்கு. வெட்டு, குத்து, ரத்தம், எல்லாம் கீது. நீங்க வாங்கினாலும் ஆடப்போறது பாப்பாதானே? என் பொண்ணுக்கே நான் தரல. உங்க பொண்ணுக்கு எப்படித் தருவேன்?"

அவர் சொன்னதில் சாருலதாவுக்கு மறுப்பு ஏதும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில், இந்த மாதிரி விளையாட்டுகளைப் பிள்ளைகளுக்கு விற்கவே கூடாது, சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று முதல் ஆளாக எழுந்து பேசியவள் அவள்தான். அது தெரிந்து அச்யுத் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தான். சிநேகிதனிடம் இரவல் வாங்கி வந்து ஆடினான். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அவள் அதையேதான் சொல்வாள்.

இருந்தும் கை மேசையை விட்டு நகரவில்லை.

இனாயத்துக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கீழ்த்தட்டிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்தார். அட்டையில் ஒரு பூசணிக்கொடி, இரண்டு வாத்துகள்.

"இத்த எடுத்துக்கினு போங்க. தோட்டம் போடறது, தண்ணி ஊத்தறது, அவ்ளோதான். சத்தமே வராது. கதவ சாத்திக்கினா உள்ள ஆளு கீதா இல்லையான்னே தெரியாது."

சாருலதா பெட்டியை அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.

அன்றைக்கும் அப்படித்தான் தெரியவில்லை. பீன்ஸ் நறுக்கி முடித்தாள். காப்பி கலந்து, ஆறவிடாமல், உட்கார்ந்து குடித்தாள். அதற்கப்புறம்தான் அவனைக் கூப்பிட்டாள். இதயத்தில் பிறவியிலேயே ஏதோ கோளாறு, அதுதான் உயிரைக் கொண்டுபோனது என்றார் மருத்துவர். விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். உடனே பார்த்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்த விளையாட்டில் துப்பாக்கி தானாகச் சுடாது. விரல் அழுத்தினால்தான் சுடும். அது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

"சத்தம் வரணும்" என்றாள் சாருலதா. "விட்டு விட்டு வரக் கூடாது. வந்துண்டே இருக்கணும்."

இனாயத் சிரித்துவிட்டார். "சத்தம் வேணாம்னு சண்டைக்கு வர்ற அம்மாவைத்தான் நான் பாத்துக்கீறேன். இன்னா பாப்பா, அம்மாவ நல்லாத்தான் வளத்து வச்சுக்கீறே."

அனன்யா சிரிக்கவில்லை.

அவள் அந்த விளையாட்டைக் கேட்கவே இல்லை. அவளுக்குப் பிடித்ததெல்லாம் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு படிப்பதும் படம் வரைவதும்தான். காகிதம் புரளும் ஓசைகூட வெளியே வராது. அம்மா ஓயாமல் வந்து கதவைத் தட்டுவாள். "என்னம்மா, வேவு பாக்கறியா?" என்று அவள் சீறுவாள். சாப்பிட ஏதாவது வேணுமா என்று கேட்டுவிட்டு சாருலதா திரும்பிவிடுவாள். பயமாக இருக்கிறது என்று பதினான்கு வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொல்லி, அந்தப் பயம் அவளையும் பிடித்துக்கொண்டால்?

இப்போது அனன்யா, மேசைக் கண்ணாடியை அழுத்தி வெளுத்துப் போயிருந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வாம்மா, போலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு இறங்கினாள்.

இனாயத் கடைசிவரை கொடுக்கவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் சாருலதாவும் கொடுத்திருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அனன்யா, முன்பு அச்யுத்துடையதாக இருந்த தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாருலதா அடுக்களையில் நின்றாள். குழாயைத் திறக்கவில்லை. பாத்திரத்தைத் தொடவில்லை. மின்விசிறியைக்கூடப் போடாமல், உடம்பெல்லாம் காதாக நின்றாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

போய்த் தட்டலாமா? தட்டினால் சீறுவாள். சீறினால் தேவலை. சீறாவிட்டால்?

கூடத்தைத் தாண்டினாள். கதவை நெருங்கவும், உள்ளே அனன்யா உயிரியல் பாடத்தை உரக்கப் படிக்கத் தொடங்கவும் சரியாக இருந்தது. மனசுக்குள்ளேயே படித்துப் பழகிய பெண், தெருவுக்கே கேட்கும்படி தொண்டை கிழியப் படித்தாள். மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் கை முட்டியால் சுவரைத் தட்டினாள். பக்கம் திருப்பும்போதும் தட்டினாள்.

சாருலதா அப்படியே கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள்.

விரலால் தள்ளினாலே திறந்துகொள்ளும் கதவுதான் அது. அன்று பக்கத்து வீட்டுச் சுப்பராமன் தோளால் இடித்துத் திறந்தபோது பெயர்ந்து விழுந்த தாழ்ப்பாளை இன்னும் யாரும் மாட்டவில்லை.