சாம்பிராணி குடித்த கார்

பழுதுக் குறியீடு விழுந்த வண்டியை மாலைக்குள் சரிசெய்யாவிட்டால், அது தானாகவே கிளம்பிக் காயலான் கடைக்குப் போய்விடும். பூமயிலின் வாடகைக் காரில் காலையிலிருந்து ‘எஞ்சினில் தீ’ என்று சிவப்பு விளக்கு. அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

மெக்கானிக் யாக்கோபு காற்று வடிகட்டியைக் கழற்றி மோந்து பார்த்தான்.

“என்னக்கா, கமகமன்னு இருக்கு?”

“நேத்து ஆயுத பூஜைல்ல? சாம்பிராணி காட்டினேன்.”

“பானட்டைத் திறந்து வச்சா?”

“எஞ்சினுக்குத்தானேப்பா பூஜை! ஓடவிட்டே காட்டினேன்.”

“நல்லா இழுத்திருக்கு. தீப்பிடிச்சிருச்சுன்னு பயந்து கெடக்குது, பாவம்.”

அவன் சென்சாரைத் துடைத்து மாட்டி முடிக்கவும் பொழுது சாயவும் சரியாக இருந்தது. விளக்கு அணைவதற்குள் வண்டி காயலான் கடையைப் பார்த்து நகர்ந்தது. பூமயில் கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். தெருமுனையில் சிவப்பு விளக்கு அணைந்தது. வண்டி நின்று, “எங்கே போகணும்?” என்று கேட்டது.

“எங்கேயும் வேணாம், சாமி” என்று பானட்டின் மேல் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.