மாமரம் நின்ற குழி

மண் அணையின் அடிவாரத்தில் கசியும் நீரைப் பிடித்த கண்ணாடிப் பாட்டில் கரைமேல் காலை வெயிலில் இருக்கிறது. இத்தனை வருடம் பளிங்காக வந்த கசிவு, இந்த வாரம் செம்மண் கலங்கலாக வருகிறது. கரையில் நின்ற மாமரத்தின் வேர் போன வழியே தண்ணீர் கரையைத் தின்னத் தொடங்கிவிட்டது. கீழே ஓர் ஊரே இந்த நீரைக் குடிக்கிறது, இந்தக் கரையை நம்பித்தான் தூங்குகிறது. அணை நீரைப் பாதிக்கு இறக்கியாயிற்று. வெட்டிச் சாய்த்த மாமரத்தின் இலைகள் இன்னும் வாடவில்லை. கரையில் எது முளைத்தாலும் முழங்கால் உயரம் தாண்டுவதற்குள் பிடுங்கிப் போடுவதுதான் காவலாளியின் வேலை. இருபது வருடத்தில் இந்த ஒன்றில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. மகள் ஏழு வயதில் ஊன்றிய மாங்கொட்டை அது. எட்டு வயதை அவள் பார்க்கவில்லை. "ஒரு வேர்கூட உள்ள இருக்கக் கூடாதுண்ணே," என்கிறார் பொறியாளர், பாட்டிலைப் பார்த்தபடியே. இடுப்பளவுக் குழிக்குள் நிற்கும் காவலாளி கடைசி வேரை இழுத்தெடுக்கிறார். சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கிறது. அதை எறியாமல் சட்டைப்பைக்குள் சுருட்டி வைக்கிறார். அவர் மனைவி ஒரு கூடைக் களிமண்ணைக் குழிக்குள் கொட்டுகிறாள். "நல்லா அழுத்தி மிதிக்கணும்ணே. இடைவெளி விட்டா மறுபடியும் கசியும்," என்கிறார் பொறியாளர். காவலாளி செருப்பைக் கழற்றி மேலே வைத்துவிட்டு மிதிக்கத் தொடங்குகிறார். காலி கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு மனைவி விளிம்பில் குந்துகிறாள். அவர் பாதங்களையே பார்க்கிறாள்.

"மெதுவா மிதிங்க," என்கிறாள்.