நாலு மணிப் பூ

"பூ விரிஞ்சிடுச்சா, அஞ்சலை?"

"இன்னும் இல்லண்ணே. மூக்கைக் கூட நீட்டல. உக்காந்து கிழங்கைச் சாப்பிடுங்க."

பக்கத்து வீட்டு அஞ்சலை போட்ட கிழங்கைக் கருணாகரன் தொடவில்லை. நாலு மணிக்கு காஜா பேராங் சடக்கில், ரோடு திரும்பும் முனைக்கு, லோரி வருகிறது. சயாமில் தண்டவாளம் போட ஜப்பான்காரன் ஆள் எடுக்கிறான். "சயாம் முடிஞ்சா பர்மா. பர்மாவைத் தாண்டினா நம்ம ஊருதான்" என்று ஆள் பிடிக்கிறவன் சொன்னதிலிருந்து அவனுக்குத் தூக்கம் போய்விட்டது.

எட்டு வருஷம். மனைவி வயிற்றில் இருக்கும்போது விட்டுவிட்டு வந்த பிள்ளை. கமலவேணி என்று பெயர் வைத்ததுகூடக் கடுதாசியில்தான். சண்டை வந்ததும் கடுதாசியும் நின்றுபோனது.

வெள்ளைக்காரத் துரை வீட்டுத் தோட்டக்காரன் அவன். ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடிப்போனார். ரோஜாப் பாத்தியெல்லாம் மரவள்ளி ஆகிவிட்டது. வேலியோரத்து நாலு மணிப் பூச்செடியை மட்டும் பிடுங்க மனசு வரவில்லை. கடல் தாண்டிப் பெரு தேசத்திலிருந்து வந்த செடி என்று துரை சொல்வார். கடிகாரம் இல்லாத கருணாகரனுக்கு அதுதான் கடிகாரம். நாலு என்றால் நாலுக்கு விரியும்.

"நீ இன்னிக்கு வேலைக்குப் போகலியா?" என்றான்.

"போய்ட்டு வந்தாச்சு. ஒரு நிமிஷம் பிந்தினா அந்த ஜப்பான் ஆபீசர் அறைவான்ல? ரெண்டு வருஷமா கன்னத்தைக் காப்பாத்திக்கிட்டு வர்றேன்." அவன் மடியைப் பார்த்தாள். "அது என்ன முடிச்சு, குறுமிளகா?"

"விதை. இந்தச் செடியோடதுதான். எம்பொண்ணு கையால நடணும்."

"உங்க சம்சாரம் மிளகுன்னு ரசத்துல போட்டுடப் போறாங்க."

சிரித்தான். பிறகு குரலை இறக்கிக்கொண்டான். "நடராஜனை அங்க பாத்தா என்ன சொல்லட்டும்?"

நடராஜன் அவள் புருஷன். போன வருஷம் இதே மாதிரி ஒரு லோரியில் ஏறினவன். அஞ்சலை சட்டியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "விரியுதுண்ணே."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

சடக்கு முனையில் ஒரு ஈ காக்கை இல்லை. கடைக்கார அலி அக்பர் பலகையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"லோரியா? அது போயி ஒன்றரை மணி நேரமாச்சே."

"நாலு மணின்னுதானே சொன்னாங்க, பாய்?"

"நாலுதான். தோக்கியோ நாலு. வந்த அன்னிக்கே ஜப்பான்காரன் கடிகாரத்தையெல்லாம் ஒன்றரை மணி முன்னால தள்ளி வச்சிட்டானே. நீ எதைப் பாத்துட்டு வந்தே?"

கருணாகரன் மூட்டையை இறக்கி வைத்தான்.

"அடுத்த லோரி?"

"இனிமே இங்க எடுக்கலியாம். இதான் கடைசி."

திரும்பி வந்து அஞ்சலையின் அடுப்படி வாசலில் உட்கார்ந்தான். மடி முடிச்சை அவிழ்த்தான், கட்டினான், மறுபடி அவிழ்த்தான். அவள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பை ஊதினாள்.

"செடி மேல தப்பில்ல. பெரு தேசத்துச் செடிக்கு தோக்கியோ மணி எங்க தெரியும்? நமக்குத்தான் தெரியாமப் போச்சு, அஞ்சலை."

'நமக்கு' என்று வாயிலிருந்து வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ரெண்டு வருஷமாக ஜப்பான்காரன் வீட்டுக்கு ஜப்பான் மணிக்குப் போகிறவள். ஒரு நாளும் பிந்தாதவள்.

"உனக்குத் தெரியும்."

"தெரியும்ணே."

"எட்டு வருஷம், அஞ்சலை. எம்பிள்ளை முகத்தைப் பாக்க விடாமப் பண்ணிட்டியே. ஏன்?"

அடுப்பு ஊதுவது நின்றது.

"போன மாசம் சயாம்லேருந்து தப்பிச்சு வந்த ஒருத்தர் என்னைத் தேடி வந்தாருண்ணே. வெளிய சொல்லிட்டா நெஜமாயிடும்னு நான் யாருக்கும் சொல்லல."

அவள் மெல்லத் திரும்பினாள். மத்தியானம் கிழங்கு போட்டபோது நெற்றியில் இருந்த குங்குமம் இப்போது இல்லை.