முந்திய கைதட்டல்

கடலூர் வீட்டில் மத்தியான வெயில் விழும் மேசைமேல் புது சிடி சுழல்கிறது. அன்புமணி சிங்கப்பூரின் புகழ்பெற்ற அரங்கில் ப்ளூஸ் கிட்டார் வாசித்தபோது பதிவான ஆல்பம். அவன் மனைவி இசைவாணி பண்ருட்டிப் பலாவை உரித்தபடி கேட்கிறாள். லீவில் வந்திருக்கும் அவள் அண்ணன் சேரன், அங்கே கப்பல் பட்டறையில் வெல்டர், நெளிகிறான். "அடுத்த பாட்டுக்கு மாத்திடு வாணி." கச்சேரி அன்று டியூட்டி முடிந்து நேராக அரங்குக்குப் போனவன், பாட்டு முடிவதற்குள் கைதட்டிவிட்டான். அரங்கமே திரும்பிப் பார்க்க, அப்படியே வெளியேறி, தான் வரவே இல்லை என்று அன்புமணியிடம் போனில் சொல்லிவிட்டான். "கையெல்லாம் பிசினு. பேசாம கேளுண்ணே." கிட்டார் மெலிந்து மெலிந்து ஒற்றை நரம்பில் வந்து நிற்கிறது. அந்த அமைதியில் பட், பட் என்று அந்தக் கைதட்டல். யாரோ சிரிக்கிறார்கள். தீப்பொறி சுட்ட தன் கைகளைச் சேரன் முழங்கால்களுக்கு நடுவே ஒளிக்கிறான். பிறகு மைக்கில் அன்புமணியின் குரல், தமிழிலேயே: "வந்துட்டியா மச்சான்? உன்னத் தவுர யாரு இப்பிடித் தட்டுவா! இரு, உனக்காவ இன்னொரு தடவ வாசிக்கிறேன்." இசைவாணி சுளையை நீட்டுகிறாள், அவன் பார்க்கவில்லை. கிட்டார் மறுபடி தொடங்குகிறது. கைதட்டுவதற்குப் பாட்டு முடியட்டும் என்று சேரன் இந்தத் தடவையும் காத்திருக்கவில்லை.